கடைசியாக நின்ற ஜோடி

— அந்தப் பக்கம் நின்னு பேசாதீங்க மாப்பிள்ளை. இடது காது எனக்கு சும்மா தோடு மாட்டறதுக்கு மட்டும்தான். இந்தப் பக்கம் வாங்க. என்ன கேட்டீங்க?

— கதவு தாங்குமான்னு கேட்டேன் அத்தை.

— தாங்கும். இரும்புத் தாழ்ப்பாள். மண்டபத்துக்காரன் பாத்திரம், கரண்டியெல்லாம் இந்த ரூம்லதான் பூட்டி வெக்கிறான். திருட்டு பயம் இருக்கறவன் கதவ நல்லாத்தான் போட்டிருப்பான். நீங்க அந்த நாற்காலி அடுக்கு மேல உக்காருங்க. கண்ணுக்குள்ள ரத்தம் எறங்குது.

— பரவால்ல.

— என்ன பரவால்ல? உக்காருங்கன்னா உக்காருங்க. இந்தாங்க, மேசை விரிப்பு. துவைச்சு மடிச்சதுதான். நெத்தியில வெச்சு அழுத்திப் புடிங்க. என் பையன் நாற்காலியால எத்தன அடி அடிச்சான் உங்கள?

— எண்ணல.

— நான் எண்ணினேன். நாலு. நீங்க அவங்கப்பாவுக்குக் குடுத்தது மூணு. 

— அம்மா! கதவத் தொற! அவன் உள்ளதான இருக்கான்? தொறம்மா!

— போடா. கல்யாணக் கோட்டப் போட்டுக்கிட்டு இங்க வந்து கத்தாத. போய் உங்கப்பாவப் பாரு.

— அப்பாவுக்குத் தாடை கழண்டு தொங்குதும்மா! ரெண்டு பல்லு டான்ஸ் ஆடற தரையில கெடக்கு! வாயத் தொறந்தா ரத்தமாக் கொட்டுது! அந்த நாய வெளிய அனுப்பு. ஒரே நிமிஷம். முடிச்சுட்டுப் போயிடறேன்.

— கையில என்னடா வெச்சிருக்க?

— என்ன வெச்சிருந்தா உனக்கென்ன?

— அத்தை, அது மைக் ஸ்டாண்டு. நான் கீழ போட்டுட்டு வந்தது.

— உங்க கைக்கு முடிஞ்சு இப்ப அவன் கைக்குப் போயிடுச்சா? நல்லா இருக்கு. ஒரு கல்யாணத்துக்கு ஒரு மைக் ஸ்டாண்டு போதும் போல.

— கதவோட மேல் கீலப் பாருங்க. ஒரு ஆணி வெளிய வந்துடுச்சு.

— பாத்தேன். போலீஸுக்கு யாராவது சொன்னாங்களா?

— மேனேஜர் போன் பண்ணார். பத்து நிமிஷத்துல வரோம்னாங்க.

— அப்ப பத்து நிமிஷம். நான் தாழ்ப்பாள்ல கை வெச்சுக்கிட்டு இங்கயே நிக்கறேன். பத்து நிமிஷம் நீங்க உயிரோட இருப்பீங்க. அதுக்கப்புறம் போலீஸ்காரங்க பாடு.

— என்னை ஏன் இழுத்துட்டு வந்தீங்க அத்தை?

— பின்ன, அங்கயே விட்டுட்டு வரவா? கேக் வெட்டின கத்தி மேசை மேல இருந்துது. அவன் அதப் பாத்துட்டான். அவன் பாத்தத நான் பாத்துட்டேன்.

— உங்க புருஷன அடிச்சவன் நான்.

— அதான் நானும் யோசிச்சுட்டே நிக்கறேன்.

— கையக் காட்டுங்க.

— எந்தக் கை?

— வலது. சுண்டு விரல் பின்னாடி திரும்பி நிக்குது.

— அட, ஆமா. பாருங்க, நீங்க சொல்ற வரைக்கும் வலிக்கல. இப்ப உயிர் போகுது.

— அந்தப் பெட்டியில ஸ்பூன் இருக்கு. ரெண்டு பக்கமும் வெச்சுக் கட்டிடலாம். கண்ண மூடிக்குங்க.

— கட்டத் தெரியுமா உங்களுக்கு?

— காலேஜ்ல முதலுதவி சொல்லிக் குடுத்தாங்க.

— படிச்ச மாப்பிள்ளை வேணும்னு நான் ஒத்தக் கால்ல நின்னது வீண்போகல. ஆ! அம்மா! மெதுவாப்பா!

— முடிஞ்சுது.

— கேளுங்க, அந்த மைக்காரன் என்னதான் சொல்லிக் கூப்பிட்டான்? ஸ்பீக்கர் எனக்கு இடது பக்கம். ஒண்ணும் காதுல விழல. உங்க மாமா "எந்திரி, ஆடணும்"னாரு, எந்திரிச்சேன். நடுவுல நடுவுல ஜனங்க ஏன் எறங்கிப் போனாங்க?

— கல்யாணமான ஜோடியெல்லாம் வந்து ஆடணும். பாட்டு ஓடிக்கிட்டே இருக்கும். கல்யாணமாகி ஒரு நாள்கூட ஆகாதவங்க உக்காருங்கன்னான். பொண்ணும் மாப்பிள்ளையும் உக்காந்தாங்க. அப்புறம் ஒரு வருஷம் ஆகாதவங்க. அஞ்சு. பத்து. இருபது. கடைசி வரைக்கும் நிக்கற ஜோடிக்குப் பூங்கொத்து.

— அதான் எங்களுக்கு வந்துது. முப்பத்தொம்போது வருஷம்.

— ம்.

— எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க. உங்க மாமா குனிஞ்சு காதுல பேசினாரு. கேக்கற காதுலதான். பாக்கறவங்களுக்கு ஏதோ கொஞ்சற மாதிரி இருந்திருக்கும். "பல்லக் காட்டுடி, சவம் மாதிரி நிக்காத"ன்னாரு. காட்டினேன்.

— பாத்தேன்.

— நீங்க ஏன் எழுந்து வந்தீங்க மாப்பிள்ளை? தனியா. ஸ்பீக்கர் பக்கத்துல கையத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னீங்க. அத்தன பேரும் பாத்தாங்க.

— கல்யாணமானவங்க வாங்கன்னான்.

— சரி. என் பொண்ணு போய்ச் சேந்து பதினாலு மாசம் ஆச்சே.

— உன் கல்யாணம் முடிஞ்சுபோச்சுன்னு யாரும் என்கிட்ட சொல்லல.

— அஞ்சு வருஷம்னப்பவாவது உக்காந்திருக்கலாம்.

— அவளோட நாலு வருஷம். அவ இல்லாம ஒண்ணு. அந்த ஒண்ணச் சேக்கலாமா கூடாதான்னு யோசிச்சேன். யோசிச்சு முடிக்கறதுக்குள்ள அவன் இருபதத் தாண்டிட்டான்.

— என் பக்கத்துல ஆடின பொம்பள "ஐயோ பாவம்"னா. என் மருமகன்தான்னு சொன்னேன். இந்தக் குடும்பத்துல பொண்டாட்டி மேல கை நீட்டாத ஒரே ஆம்பளைன்னேன். 

— அப்படியெல்லாம் சொல்லாதீங்க.

— ஏன் சொல்லக்கூடாது? எல்லார்கிட்டயும் சொல்றதுதான்.

— அம்மா! அவன்கூட உள்ள என்ன கதை பேசிட்டிருக்க? வெளிய உன் புருஷன் சாகக் கெடக்கறாரு!

— சாக மாட்டாரு. மூச்சு விடற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. எனக்கே கேக்குதுன்னா பாத்துக்கோ.

— கதவ ஒடைப்பேன்!

— ஒடை. மண்டபத்துக்காரன் உன்கிட்டதான் கேப்பான்.

— ரெண்டாவது ஆணியும் வருது அத்தை.

— வரட்டும். மாப்பிள்ளை, அந்த மைக்காரன் பண்ண தப்பு ஒண்ணே ஒண்ணு. மைக்க என்கிட்டக் குடுத்தான். உங்க மாமா பேசறதுக்குத் தயாரா இருந்தாரு. காலைல கண்ணாடி முன்னாடி நின்னு பேசிக்கூடப் பாத்தாரு. விட்டுக்குடுக்கணும், பொறுத்துப் போகணும், அப்படி இப்படின்னு. அந்த ஆளு அவரத் தாண்டி வந்து என் வாய்க்கு நேரா நீட்டிட்டான். "இவ்வளவு வருஷம் சேந்து வாழ்ந்த ரகசியம் என்னம்மா, புது ஜோடிக்குச் சொல்லுங்க"ன்னு.

— நீங்க சொன்னீங்க.

— என்ன சொன்னேன்னு எனக்கே சரியா நினைவில்ல. வாய் தானாப் பேசிடுச்சு. என்ன சொன்னேன்?

— "கை ஓங்கினா தலைய குனிஞ்சுக்கணும். பல்லு போனா ஊருக்கே தெரியும். காது போனா யாருக்கும் தெரியாது."

— அடேயப்பா. அப்படியே புடிச்சு வெச்சிருக்கீங்க.

— ம்.

— சிரிச்சாங்க இல்ல?

— சிரிச்சாங்க. ஒருத்தர் விசிலடிச்சார். அத்தை ஜோக் அடிக்கறாங்கன்னு பக்கத்து மேசையில சொன்னாங்க.

— ஜோக்காம். ரெண்டாவது வருஷம் போன காது. அன்னிக்கு நான் சமையல்ல உப்பு ஜாஸ்தியாப் போட்டதா சொன்னாரு. இருக்கலாம். போட்டிருப்பேன். மூணு நாள் உள்ள வண்டு சுத்தற மாதிரி இருந்துது, அப்புறம் ஒரேடியா அமைதி. அதுலயும் ஒரு லாபம்தான். ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தா அவரு திட்டறது கேக்காது.

— அந்தக் குனியற விஷயம். அத வேற யாருக்காவது சொல்லியிருக்கீங்களா?

— உங்க பொண்டாட்டிக்குத்தான். கல்யாணமாகி உங்க வீட்டுக்குக் கெளம்பினா பாருங்க, அன்னிக்கு ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போய்ச் சொன்னேன். நகை, பாத்திரமெல்லாம் அவரு பாத்துக்கிட்டாரு. நானா குடுத்தது அது ஒண்ணுதான். "போம்மா, அவரு அப்படிப்பட்டவர் இல்ல"ன்னு சிரிச்சா. ஏன் கேக்கறீங்க?

— சும்மாதான்.

— நான் மைக்ல அப்படிச் சொன்னதும் உங்க மாமா என் விரல ஒடிச்சாரு.

— ஆமா. போட்டோக்காரர் எடுத்துக்கிட்டே இருந்தார். மாமா சிரிச்சுக்கிட்டே இருந்தார். உங்க கையப் புடிச்சிருந்த கை மட்டும் திரும்பிச்சு. குச்சி ஒடியற சத்தம்.

— அவ்வளவு பாட்டுலயும் கேட்டுதா உங்களுக்கு?

— கேட்டுது.

— என் விரல். எனக்குக் கேக்கல பாருங்க.

— முதல் அடி தோள்ல பட்டுது. அவர் திரும்பினார். ரெண்டாவது தாடையில. ஸ்டாண்டோட அடியில இருக்கற இரும்புத் தட்டு. கேக் மேசை மேல போய் விழுந்தார். மூணாவது அதுக்கப்புறம்.

— விழுந்தவர எதுக்கு அடிச்சீங்க?

— தெரியல. கை நிக்கல.

— ம். நிக்காது. அவரும் இதத்தான் சொல்வாரு.

— அம்மா, கடைசியா சொல்றேன்! நீயாத் தொறந்தா அவனோட போகும். நானா ஒடச்சு வந்தா... ஏய், நீ கைய எடுடி! ரூம்ல போய் உக்காரு! உக்காருன்னு சொன்னேன்ல!

— என்னடா சத்தம் அது?

— ஒண்ணுமில்ல!

— அந்தப் பொண்ண அடிச்சியா?

— தள்ளி விட்டேன். குறுக்க குறுக்க வந்தா. நீ தொற!

— கேட்டீங்களா மாப்பிள்ளை? மோதிரம் மாத்தி நாலு மணி நேரம் ஆச்சு. அந்த மைக்காரன் ஒரு நாள் ஆகாதவங்கள உக்காரச் சொன்னது சரிதான்.

— அந்தப் பொண்ணு அழறா.

— கேக்கல எனக்கு. பத்து நிமிஷத்துல எவ்வளவு போச்சு?

— அஞ்சு.

— அப்ப நேரம் இருக்கு. உங்கள ஒண்ணு கேக்கணும். பதினாலு மாசமாக் கேக்கணும்னு இருக்கேன். வீட்டுக்கு வந்தா அவரு இருப்பாரு, இவன் இருப்பான், நீங்க சாப்பிட்டுட்டு உடனே கெளம்பிடுவீங்க. நாம ரெண்டு பேரும் ஒரு ரூம்ல தனியா நிக்கறது இன்னிக்குத்தான்.

— கேளுங்க.

— அன்னிக்குக் காலைல வீட்ல என்ன நடந்துது?

— ஒண்ணும் நடக்கல. அவ ஆபீஸ் கெளம்பினா. தெரு முக்குல ரோட்டத் தாண்டினா. லாரி. உங்களுக்குத் தெரிஞ்சதுதான்.

— லாரிக்காரன் என்ன சொன்னான்?

— ஹார்ன் அடிச்சேன்னான்.

— ஸ்டேஷன்ல தலைதலையா அடிச்சுக்கிட்டு அழுதான். "அவ்வளவு பெரிய ஹார்னு சார், அந்தம்மா திரும்பிக்கூடப் பாக்கல"ன்னான். பொய் சொல்றான்னு நாம எல்லாரும் சேந்து சொன்னோம். உங்க மாமா அத்தன போலீஸ்காரங்க முன்னாடி அவனை அறைஞ்சாரு. நீங்க மட்டும் ஒண்ணும் பேசல. சுவரப் பாத்துக்கிட்டு நின்னீங்க.

— ஆமா.

— லாரி எந்தப் பக்கத்துலேருந்து வந்துது?

— இடது.

— இடது.

— அத்தை, ஸ்பூன் கழண்டு வருது. கையக் குடுங்க.

— கையத் தொடாதீங்க. கேளுங்க. ஆஸ்பத்திரியில அவள வெளிய கொண்டு வர்றதுக்கு முன்னாடி நான்தான் முகத்தத் தொடச்சு விட்டேன். நர்ஸ் பஞ்சு குடுத்தா. நீங்க வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தீங்க. லாரி இடுப்புல ஏறியிருந்துது. தலையில ஒரு கீறல் கெடையாது. முகம் தூங்கற மாதிரி இருந்துது. முடிய ஒதுக்கினேன். இடது காதச் சுத்தி செவந்து போயிருந்துது. நாலு கோடு.

— அத்தை...

— லாரிக்கு விரல் கெடையாது. அந்தக் கோட்ட எனக்கு அடையாளம் தெரியாதா? எத்தன வருஷமா கண்ணாடியில பாத்துக்கிட்டு இருக்கேன். நீ அடிச்சியா?

— அம்மா! ஆம்புலன்ஸ் வந்துடுச்சு! அப்பாவத் தூக்கறாங்க. கூட யாரு போறது? நீ வரியா இல்லயா?

— வரல.

— உன் புருஷன்மா!

— தெரியும்டா. நீ அங்கயே நில்லு. கொஞ்ச நேரம் கதவ இடிக்காம நில்லு. உள்ள இருக்கற நீ சொல்லுடா. அடிச்சியா?

— ஒரு தடவ.

— ஒரு தடவ.

— நாலு வருஷத்துல ஒரே தடவ. அன்னிக்குக் காலைல மட்டும். வண்டிச் சாவியக் காணோம். அவதான் எங்கயோ எடுத்து வெச்சுட்டான்னு சொன்னேன். அவ ஏதோ பதில் சொன்னா. என்ன சொன்னான்னு இப்ப நினைவில்ல. 

— சாவி கெடச்சுதா?

— என் பேன்ட் பாக்கெட்ல இருந்துது. ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்தப்ப தொடையில குத்திச்சு.

— உன் மாமா முதல் தடவ அடிச்சுட்டு அழுதாரு. என் காலப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. எல்லாருக்கும் முதல்ல ஒரு தடவதான். நீ அழுதியா?

— இல்ல. எனக்கு நேரமாயிடுச்சு. அவ காதப் பொத்திக்கிட்டு நின்னா. "உள்ள ஙொய்னு கேக்குது, நீ பேசறது கேக்கல"ன்னா. நான் ஷூ மாட்டிக்கிட்டு இருந்தேன். சாயங்காலம் பேசிக்கலாம்னேன். அதுவும் கேட்டிருக்காது.

— யாருகிட்டயும் ஏன் சொல்லல?

— யாரும் கேக்கல. வந்தாங்க. கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க. சாப்பாடு குடுத்தாங்க. வாங்கிச் சாப்பிட்டேன். தினமும் சாப்பிடறேன். தூங்கறேன். நீங்க ஏன் சொல்லல அத்தை?

— சொல்லியிருந்தா அன்னிக்கே உன்ன வெட்டிப் போட்டிருப்பாங்க. வெட்டட்டும்னு எத்தனையோ நாள் வாய் வரைக்கும் வந்துது. உன் வாயாலயே கேக்கணும்னு வெச்சிருந்தேன். இல்ல, அதுவும் பொய். உண்மையச் சொல்றேன். "ஒரு அறைக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம், நீ வாங்காததா?"ன்னு உன் மாமா கேட்டிருப்பாரு. அதுக்கு என்கிட்ட பதில் கெடையாது.

— இன்னிக்கு நான் அவர அடிச்சது உங்களுக்காக இல்ல.

— அதும் தெரியுது. யாருக்காக?

— நீங்க மைக்ல சொன்னதக் கேட்டேன். அதுக்கப்புறம் யாரையாவது அடிக்கணும் போல இருந்துது. அவர் பக்கத்துல இருந்தார்.

— நல்ல ஆளத்தான் பாத்து அடிச்ச. எந்திரி. அந்தத் துணிய எடு. முகம் தெரியட்டும்.

— கதவத் தொறந்துடுங்க அத்தை.

— தொறக்கறதுக்குத்தான உன்ன இங்க இழுத்துட்டு வந்தேன். காப்பாத்தறதுக்குன்னு நெனச்சியா? டேய்! வெளிய நிக்கறியா?

— நிக்கறேன். போலீஸ் வண்டி கேட்டுக்கு வந்துடுச்சும்மா. சீக்கிரம் தொற!

— உங்கக்கா செத்த அன்னிக்கு, காலைல இவன் அவள அடிச்சிருக்கான்டா. காதுல. அதனாலதான் அவளுக்கு ஹார்ன் கேக்கல.

— என்ன சொன்ன?

— கேட்டுதுல்ல?

— தாழ்ப்பாள எடும்மா.

— எடுத்துட்டேன். தள்ளினா தொறந்துக்கும். ஒரே ஒரு நிமிஷம் பொறு. ஏன்டா, அவன் கையில விழறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ. உன் மாமாகிட்ட கேட்டுக் கேட்டுப் பதில் வராத கேள்வி. கன்னம் இல்லயா? முதுகு இல்லயா? காதப் பாத்து அடிக்க உனக்கு யாருடா சொல்லிக் குடுத்தாங்க?

— காதப் பாத்து அடிக்கல அத்தை. கன்னத்துக்குத்தான் கை ஓங்கினேன். அவ தலைய குனிஞ்சுக்கிட்டா.